டீச்சர் வண்டி நிற்கிற இடம்

போன வாரம் ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வந்தது. உங்களில் ஒருவர் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவினார், துணியில் துடைத்தார், ஆயில் அளவு பார்த்தார், மறுபடி செருகினார். கை சுத்தமான கைதான். ஆனால் அந்தக் குச்சியை யாரும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. துணியில் படிந்த கறை என்ன நிறம் என்று குனிந்து பார்க்கவில்லை. வண்டி கொண்டுவந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. வாயைத் திறக்கப் போனவன், உங்களைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த யோக்கியதையை நான் எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். எந்த போல்ட்டை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதெல்லாம் மானுவலில் இருக்கிறது, அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. அப்போது துடியலூரில் நம் ஒர்க்ஷாப்பில் நான் ஃபோர்மேன். என்னிடம் ஒரு கிறுக்கு உண்டு, பழையவர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்கு அழுக்கு ஆகாது. இன்ஜின் மேல் ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் பானெட்டை மூடுவேன். பசங்க எனக்கு வைத்த பெயர் சோப்புக்கட்டி. முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஸ்டெல்லா டீச்சரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். காரமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துடியலூரில் அப்பா அம்மா இருந்த வீட்டில் தனியாக இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. கம்பி வைத்த ஷூவும் ஓர் ஊன்றுகோலுமாக நடப்பார். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார், நாலு கியர் ஆட்டோமேட்டிக். அதில் கிளட்ச் பெடல் கிடையாது, எல்லாம் வலது காலோடு முடிந்துவிடும். "எங்க போனாலும் இந்தக் காலை எல்லாரும் ஒருக்கா பார்த்துட்டுத்தாங்க பேசறாங்க. வண்டில உக்காந்தாத்தான் அதுக்கு லீவு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். தினமும் காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் தானே ஓட்டிப் போவார், சாயங்காலம் தானே ஓட்டி வருவார். பல வருடமாக அப்படித்தான்.

அவருக்கு ஒரு அண்ணன், பீளமேட்டில் இருந்தார். பாசக்காரர், அந்தப் பாசத்தில் பாதி பயம். தங்கை வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு டீச்சரின் போன் அடித்தால் அது அண்ணன்தான். "ஊடு வந்து சேந்துட்டியா அம்மணி?" என்ற ஒரே கேள்வி. நம் ஒர்க்ஷாப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் போன் வரும். டீச்சர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்துவிட்டு, "வந்துட்டேண்ணா" என்பார்.

ஆயுத பூஜை சமயத்தில் நம் ஒர்க்ஷாப் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் பூஜைக்கு முன்னால் சர்வீஸ் ஆக வேண்டும், கழுவ வேண்டும், பொட்டு வைக்க வேண்டும். டீச்சருக்குப் பூஜை கிடையாது, ஆனால் பள்ளிக்கு லீவு கிடைக்கும். அதனால் வருடா வருடம் அப்போதுதான் வண்டியை விடுவார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிற வண்டிக்குக் குங்குமம் வைக்கலாமா என்று முதல் வருடம் நாங்கள் தயங்கியபோது, "பொட்டு வெச்சுக்குங்க. பொரி மட்டும் எனக்கு மறக்காம எடுத்து வைங்க" என்றார். அதிலிருந்து டீச்சர் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு பொரிப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம்.

அந்த வருடமும் வந்தார். "இன்ஜின் ஆயில் மாத்திருங்க, பிரேக்கு பாத்துருங்க. அப்புறம், மூணாவது கியர் மாறும்போது லேசா ஒதறுதுங்க. ரொம்ப இல்ல, லேசாத்தான்" என்றார்.

கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவினேன். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. முகர்ந்தேன், தீய்ந்த வாசம். ஆமாம், நான் முகர்ந்தேன். முகர்ந்தவன் அதோடு நிற்காமல், இது எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது, இதுவரை ஒரு தடவையாவது மாற்றியிருக்கிறார்களா, இந்த வாசம் என்ன சொல்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். ச்சே, எவ்வளவு அழுக்கு.

அந்த மாதம்தான் புது மெஷின் வந்திருந்தது. கியர்பாக்ஸில் இருக்கிற பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பிவிடும். அதைப் பயன்படுத்திப் பார்க்கக் கை அரித்துக்கொண்டிருந்தது. பூஜைக்கு எல்லாம் சுத்தமாக வேண்டாமா? டீச்சர் கேட்கவில்லை, ஆனால் நம்முடைய பரிசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்லாமல் செய்வதுதானே பரிசு? குழாயில் அந்தக் கறுப்பு போய்ச் சிவப்பு வந்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பூஜை முடிந்தது. எலுமிச்சை நசுக்கி, பொரி வைத்து, வண்டியைக் கொடுத்தோம். ஓட்டிப் பார்த்துவிட்டு, "பட்டு மாதிரி போகுதுங்க ஃபோர்மேன்" என்றார் டீச்சர். அந்த ஒரு வார்த்தையை மூன்று நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

நாலாவது நாள் பள்ளி திறந்தது. காலை எட்டு மணிக்கு எனக்குப் போன்.

"ஏனுங்க, வண்டி பாலம் ஏற மாட்டேங்குதுங்க. ஆக்சிலேட்டர அமுத்துனா சத்தம்தான் வருது. பின்னாடியே போகுதுங்க." பின்னணியில் பஸ் ஹாரன்கள் காதைப் பிளந்தன. பெரியநாயக்கன்பாளையத்தில் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நின்றிருந்தார்.

"பிரேக்க விடாதீங்க. ஹேண்ட்பிரேக்க இழுங்க, லைட்ட மின்ன உடுங்க, கியரப் பார்க்கிங்குல போடுங்க. இதா வந்துட்டேன்" என்றேன்.

நான் போய்ச் சேர்வதற்குள், பின்னால் வந்த வேனில் இருந்து நாலு பேர் இறங்கி, வண்டியைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துவந்தேன். டேஷ்போர்டில் நாங்கள் வைத்த பொரிப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கையுறை வைக்கிற பெட்டியில் தள்ளி மூடினேன்.

கணபதியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பிரித்து வேலை பார்க்கிற ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வரச்சொன்னேன். வந்தவர் வண்டியை ஒரு முறை முன்னால் நகர்த்திப் பார்த்தார், டிப்ஸ்டிக்கைப் பார்த்தார். "ஆயில் புதுசா இருக்குது? பழசை எவ்வளவு எடுத்தீங்க?" என்றார்.

"பூராவும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். என் வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் மெதுவாகச் சொன்னார். "இத்தன வருசம் மாத்தாத ஆயில்ல, கியர்பாக்ஸுக்குள்ள தேஞ்ச கிளட்ச் பிளேட்டோட பொடி ஊறிக் கெடக்குமுங்க. அந்தப் பொடி குடுத்த பிடிமானத்துலதான் பிளேட்டு வண்டிய இழுத்துட்டு இருந்துருக்குது. நீங்க அதைக் கழுவி உட்டுப்போட்டீங்க. தீஞ்ச வாசம் வந்தா ஒண்ணு தொடாம உட்டு வண்டிக்காரர்கிட்டச் சொல்லோணும், இல்லீன்னா பிரிச்சுப் பிளேட்டை மாத்தோணும். ஆயில மட்டும் மாத்தக் கூடாதுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "எப்படியும் ஒரு வருசத்துல போயிருக்கும், உடுங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். எப்படியும் போயிருக்கும். பழைய வண்டி. இதில் பொய் ஒன்றுமில்லையே.

அன்று மதியம் டீச்சரின் அண்ணன் வந்தார். வெயிலில் வந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டிக்கு வயசாயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க, பழைய வண்டிதான்."

"நான் ஒண்ணு கேட்டுக்கறனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இனி இதைச் சரி பண்ண முடியாதுன்னு அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா. காத்தால அந்தப் பாலத்துல பின்னாடி ஒரு லாரி வந்துருந்தா என்னுங்க ஆயிருக்கும்? அவ ரோட்டுல இருக்கற நேரம் பூரா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. பள்ளிக்கோடம் போனது போதும். என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வினையாகப் போனது. கெட்டவராக இருந்தால் அங்கேயே முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லியிருப்பேன். இப்போது என் முன்னால் ஒரு பொய் நின்றது. சொன்னால் அண்ணனுக்கு நிம்மதி, ஒர்க்ஷாப்புக்குக் கெட்ட பெயர் இல்லை, என் முப்பது வருடப் பெயருக்கும் பழுது இல்லை. சோப்புக்கட்டி செய்த வேலை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. நஷ்டம் ஒரே ஒருவருக்குத்தான். அவரும் கொஞ்ச நாளில் பழகிக்கொள்வார் என்று மனது சமாதானம் சொன்னது.

"பாக்கலாமுங்க" என்றேன். முடியாது என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று பொழுது சாயும் வரை, அந்தப் பொய்யை எந்த வார்த்தையில் சொன்னால் நன்றாக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒர்க்ஷாப் வாசலில் இருந்து என் மேஜை வரை இருபது அடி. அந்த இருபது அடி நடந்து வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பஸ் படி ஏறி இறங்கியதில் சேலை ஓரத்தில் கிரீஸ் கறை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தூக்கிக் கட்டிய நிலையில் இருந்த தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோர்மேன், ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிப்போட்டனுங்களா?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பாலத்துல வண்டி நின்னப்ப, பிரேக்கு மேல வெச்ச காலை எடுக்காம ஆக்சிலேட்டரையும் சேத்து அமுத்திட்டனோன்னு இருக்குதுங்க. காலு மரத்த மாதிரி இருந்துச்சு. ஒண்ணுதான் இத்தன வருசமா ஒழைக்குது. அதுவும் தளந்துபோச்சோ என்னவோ." ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்படின்னாச் சொல்லிருங்க. வண்டிய வித்துப்போடறேன். அண்ணன் சொல்றதையே கேட்டுக்கறேன். எனக்கே நம்பிக்கை இல்லாம ரோட்டுல குழந்தைங்க போற எடத்துல ஓட்டக் கூடாதுங்க."

வண்டி போனால் போகட்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் தன் நல்ல காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்பது என் கணக்கில் இல்லவே இல்லை. நான் ஜோடித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்க காலு மேல ஒரு குத்தமும் இல்லீங்க டீச்சர். நான்தான் பண்ணிப்போட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், பழைய ஆயில், வாசம் வந்தும் யோசிக்காதது, அவரைக் கேட்காதது. எப்படியும் ஒரு வருடத்தில் போயிருக்கும் என்பதையும் சொன்னேன். ஆனால் அதைக் கடைசியில்தான் சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் அது சாக்காகிவிடும்.

டீச்சர் இப்போதுதான் உட்கார்ந்தார். வலது முழங்காலின் மேல் கையை வைத்து, குழந்தையைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினார். "ரெண்டு நாளா இந்தக் காலைத் திட்டாத திட்டுத் திட்டுனனுங்க" என்றார். அவர் அழுதார். 

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கணக்கு டீச்சர் கோபம். "என்னை ஏனுங்க கேக்கல? அது என்ற வண்டிங்க. கேட்டிருந்தா, வாங்கின நாள்ல இருந்து அந்த ஆயில மாத்தவே இல்லீன்னு சொல்லியிருப்பேன். என்னைக் கேக்காம எனக்கு நல்லது பண்றதுக்கு ஊட்டுல ஒரு அண்ணன் இருக்காரு. அவரே போதுமுங்க எனக்கு."

முப்பது வருடத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்கியிருக்கிறேன். இந்த அளவுக்கு எதுவும் உறைத்ததில்லை. அண்ணன் வந்துபோனதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது. ஆனால் அன்றே அண்ணனுக்குப் போன் செய்து, "என்னால பொய் சொல்ல முடியலீங்க. தப்பு என்னுது. பிரிச்சு வேலை செஞ்சு குடுக்கப்போறேன்" என்றேன்.  "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

செலவு ஒர்க்ஷாப்பைச் சேர்ந்தது, அதில் இரண்டு பேச்சு இல்லை. கிளட்ச் பிளேட்டுகள் வெளியூரில் இருந்து வர வேண்டியிருந்ததால் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தங்கையைப் பஸ்ஸில் விட மனசில்லாமல், அண்ணனே தினமும் பீளமேட்டில் இருந்து தன் காரில் வந்து, டீச்சரைக் காரமடையில் விட்டுவிட்டுப் போனார். நான் அவரைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவரே ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"எப்பங்க ஆகும்?" என்றார்.

"இந்த வாரம் ஆயிருமுங்க."

"நல்லாப் பண்ணுங்க. நடுவழில நிக்காத மாதிரி பண்ணுங்க." போகாமல் நின்றார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். "மொத நாள் அவளைக் கொண்டுபோயி உட்டனுங்க. கேட்டுக்குள்ள ஒரு பூவரச மரம், அதுக்குக் கீழ எடம் காலியா இருந்துச்சு. வண்டிய அங்க உட்டேன். வாட்ச்மேன் ஓடி வர்றான். 'இங்க நிறுத்தாதீங்க, இது டீச்சர் வண்டி நிக்கற எடம்'ங்கறான். ஏப்பா, நான் டீச்சரோட அண்ணன், டீச்சரே இந்த வண்டிலதான் வந்து எறங்குனாங்கன்னேன். 'இருக்கட்டுமுங்க, டீச்சர் வண்டி வந்தா அப்புறம் எங்க நிப்பாட்டுவாங்க?'ன்னு கேக்கறானுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கும் காலியாத்தாங்க கெடக்குது. ஹெட்மாஸ்டர் வண்டி வெயில்ல நிக்குது, அதுல நிறுத்த மாட்டேங்கறாரு. அவ பள்ளிக்கோடத்துக்குச் சும்மா போயிட்டு வர்றான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க நானு."

வண்டி தயாரானது. முதல் ஓட்டத்துக்கு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார் டீச்சர். அதே மேம்பாலம். ஏற்றத்தில் வலது காலை மெதுவாக அழுத்தினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு என் கால்களால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன், ஏதோ நான்தான் வண்டியைத் தள்ளுவது போல. மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. உச்சிக்குப் போனதும், "எனக்கு வெச்ச பொரி எங்கீங்க?" என்றார். கையுறைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அந்தப் பொரிப் பொட்டலம். மூன்று வாரத்தில் நமுத்துப்போயிருந்தது. இருவரும் அதைத் தின்றுகொண்டே துடியலூர் திரும்பினோம்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால் ஆயிலைப் பாருங்கள், முகருங்கள், அப்புறம் எழுந்துபோய் வண்டிக்காரரிடம் பேசுங்கள். எப்போது மாற்றினீர்கள், எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். மாற்றலாம் என்று தெரிந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் உறிஞ்ச வேண்டாம், கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்றி, ஓட விட்டு, மறுபடி பாருங்கள். அவர் கேட்காத வேலையைச் செய்யத் தோன்றினால், அது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன், அந்த ஒரு நாள் முழுக்க ஒரு பெண் தன் நல்ல காலைத் திட்டிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

டீச்சர் மறுபடி தானே ஓட்டிப் பள்ளிக்குப் போன முதல் நாள், நான் காலையில் இருந்தே ஒரு வேலையும் ஓடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி தாண்டியது, எட்டரை தாண்டியது. ஒன்பது மணிக்கு அடித்தது. டீச்சர் இல்லை, அண்ணன். 

"என்னுங்க, என்ன ஆச்சுங்க?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலீங்க. அந்த வாட்ச்மேன்கிட்ட நம்பர் வாங்கி வெச்சிருந்தேன். அவளுக்குத் தெரியாது, சொல்லிப்போடாதீங்க." குரல் கம்மியது. "இப்பத்தான் கூப்பிட்டானுங்க. வண்டி அதோட எடத்துல வந்து நின்னுருச்சாமுங்க."

 போனை யார் முதலில் வைத்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.